பச்சோந்தியின் கால் ஏன் வளைகிறது?



பச்சோந்தி என்றதும் எங்களில் பலருக்குக் கட்சி மாறும் அரசியல்வாதிதான் ஞாபகத்துக்கு வருவார். அந்த அளவுக்கு அந்தப் பெயரை ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஊரில் வேலியில் ஓடித் திரியும் ஓணானையே பச்சோந்தி என்று சொல்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. உண்மையான பச்சோந்தி ஓடாது. காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும். இரண்டு கண்களையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுழற்றும். வாலைச் சுருட்டிக் கொப்பைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் வாழும் இனத்துக்கு 1768இல் லோரென்டி என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி வைத்த பெயரில் இலங்கையின் பெயரே இருக்கிறது: 'கமேலியோ சிலானிக்கஸ்'.

இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது பச்சோந்தியின் நிறம் அல்ல, அதன் கால். பிரித்தானியாவில் வளரும் எங்கள் பிள்ளைகள் சிலர் நாய், பூனைக்குப் பதிலாகப் பச்சோந்தி வளர்க்கிறார்கள். பெரும்பாலும் அவை யேமன், சவூதி அரேபியாப் பக்கத்து இனமாகவோ மடகஸ்கார் இனமாகவோ இருக்கும். வாங்கும்போது துடிப்பாக இருக்கும். சில மாதங்களில் முன்னங்கால் வில்லுப்போல வளையத் தொடங்கும். கொப்பைப் பிடிக்கும்போது கால் நடுங்கும். பிறகு ஒருநாள் விழுந்து கிடக்கும். 'விழுந்ததால் கால் பழுதாகிவிட்டது' என்று வீட்டார் நினைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் நடந்தது அதன் மறுபக்கம். கால் முதலே பழுதாகிவிட்டது. அதனால்தான் அது விழுந்தது.

ஏன் பழுதாகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மனிதருக்கு நீண்ட காலம் எடுத்தது. அந்த வரலாற்றை அறிந்தால், கூண்டில் என்ன பிழை என்பது தானாகவே விளங்கும்.

விரலை எண்ணியவர்

பச்சோந்தியை முதலில் விரிவாக எழுதி வைத்தவர் கிரேக்கத்து அரிஸ்டோட்டில். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு. விலங்குகளைப் பற்றிய தமது நூலில் அவர் பச்சோந்தியின் காலை உற்றுப் பார்த்து விரலை எண்ணியிருக்கிறார். பாதம் இரண்டு கட்டாகப் பிரிந்திருக்கிறது. முன்னங்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு விரல். பின்னங்காலில் அது மாறி, உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. இன்று எந்தப் பச்சோந்தியைப் பிடித்து எண்ணினாலும் கணக்குச் சரியாக வரும்.

இந்த அமைப்பினால்தான் அந்தக் கால் குறடுபோலக் கொப்பைக் கவ்விப் பிடிக்கிறது. நாய் காலால் நிலத்தில் நிற்கிறது. பச்சோந்தி காலால் கொப்பில் தொங்குகிறது. பிடி தளர்ந்தால் அதற்கு நடை மட்டும் போகவில்லை. இரைக்குக் குறிவைக்க முடியாது, தண்ணீர் இருக்கும் இலைக்குப் போக முடியாது, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற முடியாது.

காற்றைத் தின்னும் பிராணி

அரிஸ்டோட்டிலுக்குப் பிறகு வந்தவர்கள் அவரைப்போல எண்ணிப் பார்க்கவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டும் உட்கொண்டு வாழ்கிறது என்று எழுதினார். அந்தக் கதை ஐரோப்பாவில் 1500 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. சேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தில்கூட அதை வைத்து ஒரு பகிடி வருகிறது. 1646இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் பிரவுண், மக்களிடையே உலாவும் பொய்யான நம்பிக்கைகளைத் திரட்டி எழுதிய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். காற்றைத் தின்பதற்கு இப்படியொரு நாக்கும் வயிறும் எதற்கு என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இந்தக் கதை ஏன் இவ்வளவு காலம் நின்றது? பச்சோந்தி பல நாள் சாப்பிடாமல் இருக்கக் கூடியது. இரையைப் பிடிக்கும்போதும் நாக்கு மின்னல்போலப் போய் வந்துவிடும், பார்த்துக்கொண்டிருப்பவருக்கே தெரியாது. அது மெலிந்து போனாலும் 'அதன் இயல்பே அப்படி' என்று சொல்லிவிடலாம். காரணம் தெரியாத இடத்தில் இயல்பின்மேல் பழியைப் போடுவது மனித வழக்கம்.

வெட்டிப் பார்த்தவரும் வளர்த்துப் பார்த்தவரும்

17ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கப்பலில் பச்சோந்திகள் பிரான்சுக்கு வந்தன. பாரிசில் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த குளோட் பெரோ அவற்றில் ஒன்றை ஆராய்ந்தார். இவர் வைத்தியர், லூவர் மாளிகையின் புகழ்பெற்ற தூண் வரிசையை வடிவமைத்தவர்களில் ஒருவர், சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல்ஸ் பெரோவின் அண்ணன். 1669இல் அவர் வெளியிட்ட நூலில் பச்சோந்தியின் எலும்பும் நாக்கும் குடலும் படங்களோடு விவரிக்கப்பட்டன. காற்றைத் தின்னும் கதை விஞ்ஞானிகள் மத்தியில் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

மூன்று வருடம் கழித்து, 1672இல், அதே நகரில் மத்லேன் த ஸ்குதேரி என்ற நாவலாசிரியைக்கு எகிப்திலிருந்து பச்சோந்திகள் பரிசாக வந்தன. இந்த அம்மையார் வெட்டிப் பார்க்கவில்லை, வளர்த்துப் பார்த்தார். அவற்றின் நடத்தையைக் குறித்து வைத்து, 1688இல் இரண்டு பச்சோந்திகளின் வரலாறு என்று வெளியிட்டார். பெரோ எழுதியவற்றில் சிலவற்றை அவர் மறுத்தும் இருக்கிறார். பச்சோந்தியை ஒரு வீட்டுப் பிராணியாக, அன்போடு பார்த்து எழுதிய ஆரம்பகால எழுத்துகளில் இது முக்கியமானது.

ஆனால் அன்பும் அறிவும் இருந்தும் ஒரு விடயம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. பாரிசின் குளிர்காலத்தைக் கணப்பு அடுப்பால் சமாளிக்கலாம். எகிப்தின் வெயிலில் வெப்பத்தைவிட வேறொன்றும் இருந்தது. அதை எந்த அடுப்பும் தராது. அது என்ன என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பச்சோந்தியை ஆராய்ந்தவர்கள் அல்லர். கால் வளைந்த குழந்தைகளையும் சிங்கக் குட்டிகளையும் பார்த்தவர்கள்.

சிங்கக் குட்டிகளும் பெர்லின் பிள்ளைகளும்

குழந்தைகளின் கால் வில்லுப்போல வளையும் நோய்க்கு றிக்கெற்ஸ் என்று பெயர். 1650இல் பிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். தொழிற்சாலைப் புகை மூடிய நகரங்களில் பிற்காலத்தில் இது இன்னும் பரவியது.

1880களில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பிறந்த சிங்கக் குட்டிகளுக்கும் இதே நோய் வந்தது. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அவற்றுக்குக் கொடுத்தது கொழுப்பில்லாத குதிரை இறைச்சி. பிளான்ட் சட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நொறுக்கிய எலும்பு, பால், மீன் எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். குட்டிகள் தேறிவிட்டன. 1889இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். எலும்பில் கல்சியம் இருக்கிறது என்பது தெரிந்ததே. மீன் எண்ணெயில் என்ன இருந்தது என்பதுதான் புதிர்.

அடுத்த வருடம், 1890இல், தியோபோல்ட் பாம் என்ற வைத்தியர் இன்னொரு தடயத்தைக் கொடுத்தார். யப்பானில் மிசனரி வைத்தியராகப் பணியாற்றியவர் இவர். வறுமை இருந்தும் வெயில் உள்ள நாடுகளில் றிக்கெற்ஸ் அரிதாக இருப்பதையும், பிரித்தானியாவின் புகை நகரங்களில் அது மலிந்திருப்பதையும் ஒப்பிட்டு, காரணம் வெயிலின்மைதான் என்று எழுதினார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாம் உலகப்போர் முடிந்த வேளையில் இரண்டு தடயங்களும் ஒன்று சேர்ந்தன. 1919இல் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர், றிக்கெற்ஸ் வந்த பிள்ளைகளைப் புறஊதாக் கதிர் தரும் பாதரச விளக்கின் கீழ் வைத்தார். எக்ஸ்றே படத்தில் எலும்பு இறுகுவது தெரிந்தது. ஒரு கையில் மட்டும் கதிர் பட்டபோதும் இரண்டு கைகளும் தேறின. அப்படியானால் ஒளி தோலில் எதையோ உண்டாக்கி, அது இரத்தத்தோடு உடம்பெல்லாம் போகிறது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வேர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளில் மீன் எண்ணெயின் பலனை நிரூபித்தார். 1922இல் அமெரிக்காவில் மக்கொலம் அந்த எண்ணெயில் இருந்த பொருளைத் தனியாக இனங்கண்டு விற்றமின் டி என்று பெயர் வைத்தார். 1928இல் ஜேர்மனியின் விண்டவ்ஸ் இந்தத் துறை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். தோல் வெயிலில் செய்வதும், மீன் எண்ணெயில் இருப்பதும் ஒன்றுதான் என்று உலகம் அறிந்தது.

கண்ணாடி செய்த வேலை

இங்கேதான் பச்சோந்தி திரும்பி வருகிறது. எலும்புக்கு வேண்டிய புறஊதா 'பி' கதிர் சாதாரண யன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. வெளிச்சம் வரும், சூடும் வரும், அது மட்டும் வராது. யன்னலோரத்தில் கூண்டை வைத்துவிட்டு 'நல்ல வெயில் படுகிறது' என்று நாம் சந்தோசப்படலாம். பச்சோந்தியின் எலும்புக்கு அது இருட்டு.

இதை உணர்ந்து முதலில் கட்டடம் கட்டியவர்களில் ஒருவர் ஜோன் புரொக்டர். இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1923இல் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாளரானவர். சிறுவயது முதல் நோயாளி. 1927இல் திறந்த புதிய ஊர்வன இல்லத்தை அவர் வடிவமைத்தபோது, ஒவ்வொரு பிராணிக்கும் ஏற்ற சூட்டுக்கு மின்சார வசதியும், புறஊதாக் கதிரை உள்ளே விடும் விசேட கண்ணாடியும் வைத்தார். 1931இல் 34 வயதில் காலமானார்.

ஆனால் மிருகக்காட்சிச்சாலையில் இருந்த அறிவு வீட்டுக் கூண்டுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஊர்வனவற்றுக்கென்றே புறஊதா 'பி' தரும் குழல் விளக்குகள் கடைகளில் பரவலானது 1990களில்தான். யேமன் பச்சோந்தி வீடுகளில் பரவியதும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன் பச்சோந்தி என்றாலே 'வளர்க்க முடியாத பிராணி, சில மாதத்தில் செத்துவிடும்' என்பதே பேச்சு. மறுபடியும் இயல்பின்மேல் பழி.

எலும்பு என்ற சேமிப்புக் கணக்கு

நான் தொழிலால் கணக்காளன். ஆகவே இதைக் கணக்கு வழியில் சொல்கிறேன். கல்சியம் எலும்புக்கு மட்டும் உரியதல்ல. தசை சுருங்கவும், இதயம் துடிக்கவும், நாக்கு பாயவும் இரத்தத்தில் கல்சியம் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். அது நாளாந்தச் செலவு, நிறுத்த முடியாது. வரவு உணவிலிருந்து வர வேண்டும். விற்றமின் டி இல்லாவிட்டால் உணவில் கல்சியம் இருந்தும் குடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. வரவு நின்றதும் உடம்பு சேமிப்பில் கை வைக்கிறது. அந்தச் சேமிப்புத்தான் எலும்பு.

கூண்டுப் பச்சோந்திக்கு இன்னொரு நட்டமும் உண்டு. அது தின்னும் வெட்டுக்கிளி வகைப் பூச்சிகளில் கல்சியம் குறைவு, பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அந்த விகிதம் எலும்புக்கு எதிரானது. அதனால்தான் பூச்சியின்மேல் கல்சியத் தூள் தூவிக் கொடுக்கச் சொல்கிறார்கள். யேமன் பெண் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலே முட்டையிடக் கூடியது. அதற்கும் கல்சியம் இதே கணக்கிலிருந்துதான் போகும்.

சேமிப்புக் கரைவது வெளியே தெரிய நாளெடுக்கும். முன்னங்கால் வளைதல், முழங்கையை ஊன்றி நடத்தல், பிடி தளர்தல், நாக்கு முழுத் தூரம் போகாமை, தாடை மென்மையாதல் ஆகியவை அறிகுறிகள். முறிவு கடைசியில் வருவது.

கால் பழுதான பச்சோந்திக்கு

முதல் வேலை, ஊர்வனவற்றில் அனுபவமுள்ள மிருகவைத்தியரிடம் கொண்டு போவது. எல்லா மிருகவைத்தியர்களும் இவற்றைப் பார்ப்பதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். கால் பலவீனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. உண்மையாகவே அடிபட்டிருக்கலாம். மூட்டு வீங்கியிருந்தால் யூரிக் அமிலம் தேங்கும் வாதமாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். எக்ஸ்றேயும் இரத்தப் பரிசோதனையும்தான் பிரித்துக் காட்டும். வீட்டில் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். மெலிந்த எலும்பு கட்டும்போதே முறியும்.

இரண்டாவது, விளக்கு. புறஊதா 'பி' குழலுக்கும் பச்சோந்திக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ இருக்கக்கூடாது. நெருக்கமான வலையும் கதிரைக் குறைக்கும். குழல் கண்ணுக்கு வெளிச்சமாக எரிந்தாலும் அதன் புறஊதாச் சக்தி முதலே குறைந்துவிடும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் மாற்றச் சொல்வார்கள். மாற்றிய திகதியைக் குழலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கோடையில் நல்ல வெயில் நாளில் வலைக்கூண்டில் தோட்டத்தில் வைக்கலாம். பாதி நிழல் கட்டாயம். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விட்டால் வெந்துவிடும்.

மூன்றாவது, கூண்டைக் காலுக்கு ஏற்ப மாற்றுவது. உயரமான கொப்புகளை எடுத்துவிட்டு, மெல்லிய கொப்புகளைத் தாழ்வாக, படுக்கையாக, நெருக்கமாக வையுங்கள். அடியில் மெத்தென்ற துணி விரியுங்கள். சூடு தரும் விளக்கை, அது ஏறாமலே அடையக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். சுட்டுவிடாத தூரம் முக்கியம். பூச்சியைத் துரத்த முடியாது, ஆகவே ஒரு கிண்ணத்தில் எட்டும் தூரத்தில் கொடுங்கள். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் குடிக்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும். பக்கத்து இலைகளில் தண்ணீர் தெளியுங்கள்.

நான்காவது, தூக்கும் முறை. பிடித்திருக்கும் கொப்பிலிருந்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அது விடாது, கால்தான் போகும். கையை முன்னால் வைத்து, அதுவாகவே ஏறி வர விடுங்கள். வர விருப்பமில்லையென்றால் கொப்போடு எடுங்கள்.

கல்சியம், விற்றமின் டி அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். அதிகமானால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கல்சியம் படிந்துவிடும். இதையும் வரலாறு ஒருமுறை காட்டியிருக்கிறது. 1950களில் பிரித்தானியாவில் குழந்தை உணவுகளில் விற்றமின் டி மிகுந்து, சில குழந்தைகளின் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிட்டது. 1957இல் அந்த அளவைக் குறைத்தார்கள்.

வளைந்த எலும்பு பழையபடி நிமிர்ந்து வராது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் எலும்பு இறுகும், பிடி திரும்பும். ஒரு காலை வைத்தியர் அகற்ற வேண்டி வந்த பச்சோந்திகள்கூட மீதி மூன்று காலோடும் வாலோடும் வாழ்வதுண்டு. வால் அதற்கு ஐந்தாவது கால்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் மிருகநலச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிராணி விற்கக்கூடாது. பிள்ளையின் பிராணிக்குப் பெற்றோரே பொறுப்பு. நாய்க்கு எப்படியோ, பச்சோந்திக்கும் அப்படியே.

எங்கள் காலும் இதே கதைதான்

இந்தக் கதையில் நாங்கள் பார்வையாளர் மட்டுமல்ல. 1962இல் கிளாஸ்கோ நகர வைத்தியர்கள், அங்கு குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் றிக்கெற்சும் எலும்பு மென்மை நோயும் இருப்பதை எழுதினார்கள். பிறகு அதற்கு 'ஆசிய றிக்கெற்ஸ்' என்றே பெயர் வந்தது. ஆசியரின் சாப்பாடு பிழை, உடுப்புப் பிழை என்று வாதம் நடந்தது. 1981இல் றிக்கெற்சை நிறுத்துவோம் என்ற பிரசார இயக்கமும் தொடங்கியது. உணவும் ஒரு காரணம்தான். ஆனால் போர்க்காலத்தில், 1940இல், இந்த நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் மாஜரினில் விற்றமின் டி சேர்த்தபோது யாரும் ஆங்கிலேயரின் பழக்கவழக்கத்தைக் குறை சொல்லவில்லை. கறுத்த தோலுக்கு அதே அளவு விற்றமின் செய்ய அதிக வெயில் வேண்டும். ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயில் யாருக்குமே போதாது. 2016 முதல், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம் எடுப்பதைப் பற்றியும், எங்களைப் போன்ற நிறமுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றியும் யோசிக்கும்படி அரசாங்க சுகாதார ஆலோசனை சொல்கிறது. உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு தகவல். 2009இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மடகஸ்கார் பச்சோந்திகளை வைத்துச் செய்த ஆய்வொன்று வெளியானது. உணவில் விற்றமின் டி குறைந்த பச்சோந்திகள் தாமாகவே புறஊதாக் கதிரை அதிகம் நாடிப் போயின; நிறைந்தவை ஒதுங்கிக்கொண்டன. அவ்வளவு துல்லியமாகத் தன் தேவையை அறிந்த பிராணி அது. அதற்கு யாரும் வெயில் காயக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒளியும் நிழலும் இரண்டும் உள்ள ஓர் இடமும், அங்கே நடந்து போகக் கூடிய காலும் இருந்தால் போதும். அந்த இரண்டையும் கொடுப்பது அதைக் கூண்டில் வைத்தவரின் கடமை.